மக்காச்சோளக் கதிரில் பூசணம்: தாங்கும் ரகத்தை அறிவது எப்படி?

1974-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ராஜஸ்தான், குஜராத் எல்லையோரக் கிராமங்களில் காமாலையும் வயிற்று வீக்கமும் கண்டு 100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே உணவைத் தின்ற வீட்டு நாய்களும் தப்பவில்லை. காரணம் மக்காச்சோளம். அறுவடை நேரத்து மழையில் நனைந்த கதிர்களில் ‘ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ்’ என்னும் பூசணம் படர்ந்து, ‘அஃப்ளாடாக்சின்’ என்ற நஞ்சை உண்டாக்கிவிட்டது. நிலக்கடலைப் புண்ணாக்கில் காணும் அதே நஞ்சுதான் இது.

இப்பூசணத்தைத் தாங்கும் ரகம் உண்டா என்று கேட்பது நியாயமே. ஆனால் ஒரு வயலில் கதிர்கள் சுத்தமாக இருப்பதை மட்டும் வைத்து, அந்த ரகம் நோயைத் தாங்கியது என்று சொல்ல முடியாது. அவ்வாண்டு பூசணமே அங்கு வராமல் இருந்திருக்கலாம். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் நோயைத் தாங்களே ஏற்றிப் பார்க்கின்றனர்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், வீரிய ஒட்டு விதைக்குப் பெற்றோராகும் ரகங்களை இவ்வாறு சோதிக்கின்றனர். ஒவ்வொரு ரகத்திலும் பாதிச் செடிகளில் பட்டு நூல் வெளிவந்த நாளைக் குறித்துக்கொள்வார்கள். அதிலிருந்து ஏழாம் நாள், மேல் கதிரின் உறைக்கடியில் ஊசியால் 3.4 மில்லி பூசண வித்து நீரைச் செலுத்துவார்கள். முந்திப் பூப்பதற்கும் பிந்திப் பூப்பதற்கும் ஒரே நாளில் ஊசி போட்டால் கணக்குப் பொய்த்துவிடும். முற்றிய கதிர்களைக் கையால் ஒடித்து, உலர்த்தி, மணிகளை மாவாக்கி நஞ்சை அளப்பார்கள்.

கண்ணால் பார்த்தால் போதாதா? போதாது. பூசணம் கொஞ்சமே தெரியும் கதிரிலும் நஞ்சு மிகுந்திருப்பதுண்டு. அந்நாட்டில் உணவுத் தானியத்தில் அனுமதிக்கப்படும் அளவே 100 கோடிப் பங்கில் 20 பங்குதான். அது எந்தக் கண்ணுக்கு அகப்படும்? மேலும் ஓராண்டு தாங்கிய ரகம், வறட்சியும் வெப்பமும் மிகுந்த மறு ஆண்டில் தோற்றுப்போகும். அதனால் பல இடங்களில், பல ஆண்டுகள் சோதிக்க வேண்டியிருக்கிறது.

இப்படித் தேறி 1990-ல் வெளியிடப்பட்டதுதான் எம்.பி. 313இ. நஞ்சு குறைவு, ஆனால் செடி நெட்டையாக வளரும், காலம் தாழ்த்தி முற்றும். அப்படியே விதைத்தால் கட்டுப்படியாகாது. அதன் குணத்தை நல்ல மகசூல் ரகங்களில் ஏற்ற வேண்டும். தாங்கும் சக்தி பல மரபணுக்கள் சேர்ந்து தருவதாகையால் இவ்வேலை மெதுவாகவே நடக்கிறது.

எனவே, ‘நோய் எதிர்ப்பு ரகம்’ என்று விதைக்கடையில் சொன்னால், எந்த நோய்க்கு என்று கேளுங்கள். அடிச்சாம்பல், இலைக்கருகல் நோய்களைத் தாங்கும் ரகம் கதிர்ப் பூசணத்தையும் தாங்கும் என்பதில்லை. கதிர் நுனிவரை உறை இறுக மூடியிருக்கும் ரகமாகப் பாருங்கள். பூக்கும்போதும் மணி கட்டும்போதும் பயிரைத் தண்ணீருக்கு வாட விடக்கூடாது. கதிர்ப்புழு துளைத்த வழியே பூசணம் எளிதில் நுழையும் என்பதால் புழுவையும் கவனிக்க வேண்டும். அறுத்த கதிர்களை ஈரத்தோடு குவிக்காமல் களத்தில் பரப்பிக் காயவைத்து, ஈரப்பதம் 13 சதவிகிதத்துக்குக் கீழே வந்தபின் மூட்டை கட்டுங்கள்.

பூசணம் பிடித்ததை மாட்டுக்குப் போடுவது நம்மில் பலருக்கு வழக்கம். போடாதீர்கள், நஞ்சு பாலில் இறங்கும். வேகவைத்தாலும் அது போகாது.