கோ சமுய் தீவுல ரிட்டயர்மென்ட்: மாச வாடகை 16,000 பாட்டுக்கு வீடு கிடைக்குமா? முழு கணக்கு!



போன வருஷம் செப்டம்பர்ல என்னோட பழைய மேனேஜர் போன் பண்ணார். வயசு 51. "தம்பி, பல்லாவரம் ஃபிளாட்டை வித்துடலாம்னு இருக்கேன். தாய்லாந்துல கோ சமுய் தீவு. கடல் தெரியுற வில்லா, 35 லட்சம் பாட். 90 வருஷம் நம்மளுதாம். வெள்ளிக்கிழமைக்குள்ள டோக்கன் அட்வான்ஸ் கட்டணும்"னார்.

"சார், அவசரப்படாதீங்க. ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போடுவோம்"னு சொன்னேன். அன்னைக்கு நாங்க போட்ட கணக்குதான் இந்தப் பதிவு. உங்களுக்கு இப்ப 28, 30 வயசா இருக்கலாம். ஆனா "50 வயசுல தீவுல செட்டில்" வீடியோ பார்த்து ஆசைப்படுற எல்லாருக்கும் இது உதவும்.

வாங்கலாமா?

தாய்லாந்துல வெளிநாட்டவர் தன் பேர்ல நிலம் வாங்க முடியாது. அபார்ட்மென்ட் மட்டும் வாங்கலாம், அதுவும் அந்தக் கட்டடத்தோட மொத்தப் பரப்புல 49% வரைக்கும்தான் வெளிநாட்டவர்கிட்ட இருக்கலாம். அப்போ "90 வருஷம் உங்களுது"ன்னா என்ன? அது 30+30+30 வருஷக் குத்தகை. சட்டப்படி ஒரு குத்தகைக்கு உச்சவரம்பு 30 வருஷம். அடுத்த ரெண்டு 30-ம் வெறும் வாக்குறுதி.

சாருக்கு 51. முப்பதைக் கூட்டுங்க. 81 வயசுல, வேற நாட்டுல, வீட்டைக் காலி பண்ணச் சொன்னா எங்க போறது?

"உள்ளூர் ஆள் பேர்ல கம்பெனி ஆரம்பிச்சு நிலம் வாங்கித் தர்றோம்"னு ஒரு வழி சொல்லுவாங்க. பினாமி வச்சு வாங்குறது அங்கயும் சட்டவிரோதம். அந்தப் பக்கமே போகாதீங்க.

இப்போ எண்களைப் பாருங்க. 1 பாட் = ரூ.2.60-னு வச்சா 35 லட்சம் பாட் = ரூ.91 லட்சம். அதை 6.5% வட்டிக்கு எஃப்டி-ல போட்டா வருஷத்துக்குச் சுமார் ரூ.5.9 லட்சம். மாசம் 16,000 பாட் வாடகைன்னா வருஷத்துக்குச் சுமார் ரூ.5 லட்சம். அதாவது வரிக்கு முன்னாடி பார்த்தா வட்டியே வாடகையைக் கட்டிடும். பின்னாடி வாடகை ஏறும், உண்மைதான். ஆனா 91 லட்சம் அசல் நம்ம கையிலயே இருக்கு. அதனால முடிவு: வாடகை.

வாடகைக்கு முன்னாடி விசா

ரிட்டயர்மென்ட் அடிப்படையில தங்கணும்னா 50 வயசு ஆகியிருக்கணும். அதோட பணம் காட்டணும்:

- தாய் வங்கிக் கணக்குல 8 லட்சம் பாட். விண்ணப்பிக்குறதுக்கு 2 மாசம் முன்னாடியே இருக்கணும், அனுமதி கிடைச்சு 3 மாசம் வரை தொடக்கூடாது. அப்புறமும் 4 லட்சத்துக்குக் கீழ இறங்கக்கூடாது.
- இல்லன்னா மாச வருமானம் 65,000 பாட்.
- ரெண்டும் சேர்ந்து வருஷத்துக்கு 8 லட்சம் வந்தாலும் சரி.

இந்த அனுமதி ஒரு வருஷத்துக்குத்தான். வருஷா வருஷம் புதுப்பிக்கணும், 90 நாளுக்கு ஒரு தடவை முகவரியைத் தெரிவிக்கணும். நடுவுல ஊருக்கு வரணும்னா ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்கிட்டுத்தான் கிளம்பணும், மறந்தா அனுமதியே ரத்து. வேலை பார்க்கவும் கூடாது.

8 லட்சம் பாட்னா ரூ.20.8 லட்சம். அது அங்க தூங்குற பணம். பட்ஜெட்ல இதைத் தனியா எழுதி வைங்க.

வீடு தேடுறது எப்படி?

இந்தியாவுல உட்கார்ந்து ஆன்லைன்ல பார்க்குறது பெரும்பாலும் டூரிஸ்ட் ரேட். நீண்ட நாள் தங்குறவங்களுக்கான ரேட் நேர்ல போனாத்தான் கிடைக்கும். சார் ஒரு மாசம் போய் தங்கிப் பார்த்தார். ஆன்லைன்ல 28,000 பாட்னு போட்டிருந்த அதே மாதிரி ரெண்டு பெட்ரூம் வீடு, ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு 16,000-க்கு வந்துச்சு. அவர் செஞ்சது இதுதான்:

1. நவம்பர்ல போனார். ஃபுக்கெட்ல மழை மே முதல் அக்டோபர் வரை. கோ சமுய் எதிர்ப்பக்கம், தாய்லாந்து வளைகுடாவுல இருக்கு. நம்ம சென்னை மாதிரியே வடகிழக்குப் பருவமழை, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை கொட்டும். அப்போ டூரிஸ்ட் கூட்டம் குறைவு, ஓனர் பேரம் பேசுவார். எந்தக் கூரை ஒழுகுது, எந்தத் தெருவுல தண்ணி நிக்குதுன்னும் அப்பத்தான் தெரியும்.

2. சவெங் பக்கம் போகல. அதுதான் டூரிஸ்ட் மையம், சத்தமும் ஜாஸ்தி, வாடகையும் ஜாஸ்தி. வடக்குல மேனாம், மேற்குல நாத்தோன், லிபா நோய் பக்கம் பார்த்தார். நாத்தோன்ல மார்க்கெட், அரசு ஆஸ்பத்திரி, படகுத்துறை எல்லாம் பக்கத்துலயே இருக்கு.

3. மலை மேல இருந்த வீட்டை வேண்டாம்னார். வியூ அருமைதான். ஆனா செங்குத்தான ரோடு. அங்க பஸ் வசதி பெருசா இல்ல, ஸ்கூட்டர்தான் கதி. 70 வயசுல மழையில அந்த ஏத்தத்துல ஸ்கூட்டர் ஓட்ட முடியுமா?

4. கரன்ட் யூனிட் ரேட்டைக் கேட்டார். பல ஓனர்கள் மின்வாரியக் கட்டணத்துக்கு மேல அவங்க ஒரு ரேட் வைப்பாங்க. ஏசி ஓடுற ஊர்ல இது மாச பட்ஜெட்டையே மாத்திடும். பில் நேரடியா நம்ம கைக்கு வர்ற வீடா பாருங்க.

5. தண்ணியைப் பத்திக் கேட்டார். கோடையில அங்க தட்டுப்பாடு உண்டு. டேங்க் எவ்வளவு பெருசு, லாரித் தண்ணி வந்தா காசு யார் தரணும்னு ஒப்பந்தத்துலயே எழுதிக்கணும்.

6. "டிஎம்30 போடுவீங்களா?"ன்னு கேட்டார். வெளிநாட்டவர் வந்து தங்கின 24 மணி நேரத்துக்குள்ள ஓனர் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கணும். அதுக்கான படிவம்தான் டிஎம்30. வரிக்குப் பயந்து சில ஓனர்கள் இதைத் தவிர்ப்பாங்க. அப்புறம் உங்க விசா புதுப்பிக்கப் போறப்ப சிக்கல். தயங்குற ஓனர் வீடு எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்.

ஒப்பந்தம் போடுறப்ப இன்னொரு விஷயம். 3 வருஷத்துக்கு மேல குத்தகைன்னா நில அலுவலகத்துல பதிவு பண்ணியே ஆகணும். முதல்ல ஒரு வருஷம் போதும். அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி வீட்டை மூலை மூலையா வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்பிடுங்க. காலி பண்றப்ப அதுதான் ஆதாரம்.

எல்லாரும் கோட்டை விடுற இடம்: ரூபாய்

"தாய்லாந்துல விலைவாசி ஏறவே ஏறாது"ன்னு சொல்லுவாங்க. பாட்ல பார்த்தா கிட்டத்தட்ட சரி. ஆனா நம்ம சேமிப்பு ரூபாயில இருக்கே? 2005-ல 1 பாட் சுமார் ரூ.1.10. 2025-ல சுமார் ரூ.2.60. வருஷத்துக்குச் சுமார் 4.4% ஏத்தம். அதோட அங்க 1.5% விலைவாசி உயர்வு சேர்த்தா கிட்டத்தட்ட 6%. அதாவது நம்ம ஊர் பணவீக்கம் மாதிரியேதான்!

தம்பதிக்கு மாசம் 45,000 பாட் செலவுன்னு வச்சுக்குவோம். இன்னைக்கு அது ரூ.1.17 லட்சம். இதே வேகத்துல போனா 20 வருஷம் கழிச்சு ரூ.3.75 லட்சம். வருஷச் செலவை 30-ஆல பெருக்கினா இன்னைய மதிப்புல ரூ.4.2 கோடி வேணும். இப்ப 30 வயசுல இருக்குறவருக்கு 50 வயசுல அது ரூ.13.5 கோடி.

இதுல சேராத மூணு செலவு:

- டிசிஎஸ்: இந்தியாவுல இருந்து வருஷத்துக்கு ரூ.10 லட்சத்துக்கு மேல அனுப்பினா, மேல இருக்குற தொகைக்கு 20% பிடிப்பாங்க. ரிட்டர்ன் போட்டு திரும்ப வாங்கலாம், ஆனா அதுவரைக்கும் பணம் முடங்கும். என்ஆர்ஐ ஆனதும் என்ஆர்ஓ கணக்கு வழி வேற, அதுக்கு வேற விதிகள்.
- தாய் வரி: வருஷத்துல 180 நாள் தங்கினா அங்க வரி குடியிருப்பாளர். 2024-ல இருந்து, அங்க கொண்டு வர்ற வெளிநாட்டு வருமானமும் வரிக் கணக்குல வரும். இந்தியாவோட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கு, ஆடிட்டரைக் கேளுங்க.
- மருத்துவம்: நம்ம மெடிக்ளெய்ம் பெரும்பாலும் இந்தியாவுக்குள்ள மட்டும்தான். அங்க தனி பாலிசி எடுக்கணும், வயசு ஏற ஏற பிரீமியம் ஏறும்.

நீங்க இப்ப என்ன பண்ணணும்?

எஸ்ஐபி இலக்கை 6% பணவீக்கம் வச்சே போடுங்க. ஒரு பகுதியை வெளிநாட்டுப் பங்கு ஃபண்ட்ல வைங்க, ரூபாய் விழுந்தா அது கொஞ்சம் தாங்கும். ரொம்ப முக்கியம், ஊர்ல இருக்குற வீட்டை வித்துட்டுப் போகாதீங்க. வாடகைக்கு விடுங்க. திரும்பி வர ஒரு கதவு திறந்தே இருக்கணும்.

சார் டோக்கன் கட்டல. பல்லாவரம் ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுட்டு, ஒரு வருஷ ஒப்பந்தத்துல மேனாம் பக்கம் அந்த 16,000 பாட் வீட்டை எடுத்திருக்கார். கடல் தெரியாது, 10 நிமிஷம் நடக்கணும். "பிடிக்கலன்னா அடுத்த வருஷம் வந்துடுவேன் தம்பி"ன்னார். அப்படிச் சொல்ல முடியுதுல்ல, அதுக்குத்தான் இவ்வளவு கணக்கும்!

உங்க ரிட்டயர்மென்ட் ஊர் எது? மாசச் செலவு எவ்வளவுன்னு கமென்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவுல கணக்குப் போட்டுப் பார்ப்போம்.