வெள்ளிமலை ஏற எந்தக் கார்?

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் வரை சாலை சமதரை. எந்தக் காரும் ஓடும். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும்தான் காரின் குணம் வெளிப்படும்!

கல்வராயன் மலையில் உள்ள ஊர் வெள்ளிமலை. ஜாகீர்தார்கள் வசம் இருந்த இந்த மலை, 1976-ல் அரசு நிர்வாகத்தின் கீழ் வந்தது. மலையில் ஒருவருக்கு நோய் முற்றிவிட்டால் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். ஆகவே இங்கு கார் என்பது சவாரிக்கு மட்டும் உரியது அல்ல.

பழைய காருக்கு அம்பாசிடரையும், புதிய காருக்கு மாருதி 800-ஐயும் எடுத்துக்கொள்வோம். முன்னது பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைப் பார்த்து 1950-களின் கடைசியில் வங்காளத்து உத்தரபாராவில் பிறந்தது. பின்னதின் முதல் சாவியை 1983 டிசம்பர் 14-ந் தேதி பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார்.

பெரிய கார்தான் நன்றாக மலை ஏறும் என்று நினைக்கிறீர்களா? கணக்கு வேறு! அம்பாசிடரின் பழைய என்ஜின் 1,489 சி.சி. குதிரைச் சக்தி சுமார் 50. எடையோ 1,100 கிலோவுக்கு மேல். ஒவ்வொரு குதிரையும் 22 கிலோவை இழுக்கவேண்டும். மாருதி வெறும் 796 சி.சி.தான். ஆனால் எடை சுமார் 650 கிலோ. குதிரைக்கு 17 கிலோ!

தண்ணீர் கொதிப்பதும் அம்பாசிடரில்தான் அதிகம். அதன் விசிறியைச் சுற்றுவது என்ஜின். ஏற்றத்தில் என்ஜின் திணறி மெதுவாகச் சுழன்றால் விசிறியும் சோர்ந்துவிடும். காற்று அதிகம் தேவைப்படும் நேரத்தில் காற்று குறையும். டிரைவர் தண்ணீர் டின்னோடு இறங்குவார். மாருதியின் விசிறிக்கு மின்சாரம். அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

அப்படியானால் மாருதியே போதுமா? மழை பெய்து சாலை சேறானால் கதை மாறும். மாருதியில் என்ஜின் முன் சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஏற்றத்தில் பாரம் பின்னால் சாயும். முன் சக்கரம் பிடி இல்லாமல் வழுக்கும். அம்பாசிடருக்கு உந்துவது பின் சக்கரம். சாயும் பாரமே அதற்குப் பிடி. அதன் சக்கரங்களும் 15 அங்குலம். மாருதிக்கு 12. குழிகளில் எது துள்ளும் என்று சொல்லவும் வேண்டுமா?

நோயாளியைக் கேட்டால் வேறு பதில் வரும். அம்பாசிடரின் பின் சீட்டில் ஓர் ஆளைச் சாய்த்துப் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொள்ள இடம் உண்டு. மாருதியில் காலை மடக்கவேண்டும். பிரசவ வேதனையில் இருப்பவளால் அது முடிகிற காரியமா?

ஆனால் இறக்கம்தான் ஆபத்து. பழைய அம்பாசிடரில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடி தளரும். அனுபவசாலி டிரைவர் பிரேக்கை நம்பமாட்டார். இரண்டாவது கியரைப் போட்டு, என்ஜினாலேயே வண்டியை இழுத்துப் பிடித்தபடி வளைவு வளைவாக இறக்குவார்.

மாருதி 800-ன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அம்பாசிடர் அதே ஆண்டு மே மாதத்தில் நின்றது.