கூடார இழுகயிறு

கூடார இழுகயிறு என்பது கூடாரத்தின் மேல்விரிப்பைத் தரையில் அடித்த முளையுடன் இணைத்து, காற்றிலும் மழையிலும் அது தளராமல் நிறுத்தும் மெல்லிய கயிறு ஆகும். மின்கம்பம் சாயாமலிருக்கக் கட்டும் ஸ்டே கம்பி செய்யும் வேலையையே இதுவும் செய்கிறது. மலையேற்றத்தில் கூடாரத்தை முதுகில் சுமக்க வேண்டியிருப்பதால் 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள பின்னல் கயிறுகளே இதற்கு ஏற்றவை.

வலுவும் எடையும்

கயிறு வாங்குபவர்கள் பெரும்பாலும் கேட்பது, எத்தனை கிலோ தாங்கும் என்பதையே. பாராசூட்டுகளுக்காக உருவான பாரகார்டு என்னும் நைலான் கயிறு ஏறத்தாழ 250 கிலோ தாங்கும். ஆனால் அத்தனை வலு இங்கே வீண். மழையில் ஊறிய மண்ணில், கயிறு அறுவதற்கு வெகு முன்பே முளை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பாரகார்டு மீட்டருக்கு 6 முதல் 7 கிராம் எடையுள்ளது. 2 மில்லிமீட்டர் கயிறு 2 முதல் 3 கிராம். ஒரு கூடாரத்துக்கு இரண்டரை மீட்டர் வீதம் ஆறு கயிறுகள் என்றால் மொத்தம் 15 மீட்டர். முன்னதற்குச் சுமார் 100 கிராம் ஆகும்; பின்னதற்கு அதில் பாதிகூட ஆகாது.

ஈரத்தில் நிகழ்வது

பருத்தி, சணல் போன்ற இயற்கை நார்க் கயிறுகள் நனைந்தால் சுருங்கும். அதனால்தான் பழைய சாரணர் முகாம்களில், இரவு படுக்கும் முன் கயிற்றைச் சற்றுத் தளர்த்திவிடும்படி கற்பித்தார்கள். நைலான் இதற்கு நேர்மாறானது: நீரை உறிஞ்சி நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டிய கயிறு நள்ளிரவு மழையில் தொய்ந்தால், மேல்விரிப்பு உள்துணியின்மேல் படிந்து ஈரம் உள்ளே கசியும். படுக்கையும் உடையும் நனைந்துவிட்டால், குளிர்ந்த மலை உச்சியில் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், திருச்சிராப்பள்ளி கைலாசபுரத்திலிருந்து பச்சைமலைக்கோ கொல்லிமலைக்கோ செல்பவரும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பாலியெஸ்டர் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். வெயிலையும் நன்றாகத் தாங்கும். விலை, எடை, உழைப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோருக்கு இதுவே போதும். டைனீமா என்ற பெயரில் அறியப்படும் உயர்வகை பாலிஎத்திலீன் இழை மிக இலேசானது, ஏறக்குறைய நீளாதது. ஆனால் வழுக்கும் தன்மையால் சாதாரண முடிச்சுகள் அதில் நழுவிவிடும். உள்ளே டைனீமாவும் வெளியே பாலியெஸ்டர் உறையும் கொண்ட கயிறுகளில் இக்குறை குறைவு, விலைதான் கூடுதல். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நொறுங்கக்கூடியது. மொட்டைமாடியில் ஓரிரு கோடைகள் கிடந்து, தொட்டால் தூள் உதிரும் கொடிக்கயிறே அதற்குச் சாட்சி.

கட்டுதல்

நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு பிளாஸ்டிக் கொக்கிகள் குறிப்பிட்ட தடிமனுக்கென்றே செய்யப்படுகின்றன. 3 மில்லிமீட்டர் கயிற்றுக்கான கொக்கியில் 2 மில்லிமீட்டர் கயிறு நிற்காமல் வழுக்கும். 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த கயிறு எடையில் இன்னும் சிறிது மிச்சப்படுத்தினாலும், எளிதில் சிக்கிக்கொள்ளும். குளிரில் விறைத்த விரல்களால் அதன் முடிச்சை அவிழ்ப்பது பெரும்பாடு. இருட்டில் கால் தடுக்காமலிருக்க, விளக்கொளியைத் திருப்பிக் காட்டும் இழை பின்னிய வெளிர்நிறக் கயிறு நல்லது. முளையைக் கூடாரத்திலிருந்து சற்றுத் தள்ளி அடித்தால் கயிறு சாய்வாக அமையும். மிக அருகில் அடித்தால் இழுவை மேல்நோக்கி அமைந்து முளையையே கிளப்பும்.

வெட்டிய முனை பிரியாமலிருக்க அதைத் தீயில் காட்டி உருக்குவது வழக்கம். இதை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்த பின், காட்டுக்குள் தீப்பெட்டியைக் கொண்டுசெல்வதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

புதுக் கயிற்றைச் சோதிக்க எளிய வழி உண்டு. இரண்டு மீட்டர் கயிற்றில் 5 லிட்டர் தண்ணீர்க் கேனைக் கட்டித் தொங்கவிட்டு, கேனின் அடிமட்டத்தைச் சுவரில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கயிற்றை நன்றாக நனைத்து, மறுநாள் காலையில் கேன் எவ்வளவு இறங்கியுள்ளது என்று அளக்க வேண்டும்.