கல்லறை இல்லாதவர்களுக்கு ஒரு கற்குவியல்
(நவம்பர் மாத வானொலி மறையுரை)



நவம்பர் மாதம் பிறந்ததும் நம் பங்குகளில் ஒரே சுறுசுறுப்பு. கல்லறைகளுக்கு வெள்ளை அடிக்கிறோம், புல் செதுக்குகிறோம், பூவும் மெழுகுதிரியும் வாங்குகிறோம். 2ஆம் தேதி மாலையில் குருவானவர் கல்லறை கல்லறையாகச் சென்று மந்திரிக்கிறார். எல்லாம் நல்லதுதான். ஆனால் அன்று மாலை, தேடிப்போய் நிற்க ஒரு கல்லறைகூட இல்லாமல் வீட்டிலேயே இருந்துவிடும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவர்களை மனத்தில் வைத்துக்கொண்டு இன்று மலையேறும் மக்களைப் பற்றிச் சற்றுப் பேசுவோம். கடற்கரையில் இருக்கும் நமக்கும் எவரெஸ்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. அது நெய்யூர் வழியாக வருகிறது.

டாக்டர் சாமர்வெல் என்ற பெயரை நம் மாவட்டத்தின் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் 1890இல் பிறந்த தியடோர் ஹோவர்டு சாமர்வெல், காலணி செய்து விற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். முதல் உலகப் போரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர். 1922இல் எவரெஸ்ட் ஏறும் குழுவோடு இந்தியாவுக்கு வந்தார். மலையிலிருந்து இறங்கிய பிறகு ஊர் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தவர், அன்றைய திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனையில், நோயாளிகள் கூட்டத்தின் நடுவே ஒரே ஒரு அறுவை மருத்துவர் திண்டாடுவதைக் கண்டார். சில நாள் கைகொடுத்தார். பிறகு அதுவே தம் வாழ்க்கை என்று முடிவெடுத்தார். லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூரிலும், பின்னாளில் வேலூரிலுமாக ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நம் மக்களின் வயிற்றுப்புண்ணையும் கட்டிகளையும் அறுத்துக் குணமாக்கினார். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் அவர் கத்தியால் பிழைத்தவர்களில் நம் தாத்தா பாட்டிமாரும் இருந்தார்கள்.

அவர் நெய்யூருக்கு வரும் முன்பே மலை அவருக்கு ஒரு காயத்தைக் கொடுத்திருந்தது.

1922 மே மாதம் சாமர்வெல், ஜார்ஜ் மல்லோரி, நார்ட்டன் ஆகியோர் செயற்கை ஆக்சிஜன் இல்லாமலேயே 8,225 மீட்டர் உயரம்வரை ஏறினார்கள். அதற்குமுன் மனிதர் எவரும் அவ்வளவு உயரத்தில் கால் வைத்ததில்லை. அத்துடன் திரும்பியிருக்கலாம். ஜூன் 7ஆம் தேதி மீண்டும் ஒருமுறை முயன்றார்கள். புதுப்பனி ஆழமாக விழுந்து கிடந்த சரிவில், மல்லோரி, சாமர்வெல், கிராஃபோர்டு மூவரும் பதினான்கு சுமைதூக்கிகளோடு கயிற்றால் பிணைத்துக்கொண்டு ஏறியபோது பனி சரிந்தது. மேலே இருந்த ஆங்கிலேயர்கள் தப்பினார்கள். கீழே இருந்த ஏழு சுமைதூக்கிகள் பனிப்பிளவுக்குள் புதைந்து இறந்தார்கள்.

உடல்களை எடுத்துத் தரட்டுமா என்று கேட்டபோது, இறந்தவர்களின் தோழர்களும் உறவினர்களும் விழுந்த இடத்திலேயே அவர்கள் கிடக்கட்டும் என்று சொன்னார்கள். ஒருவரும் கடிந்து பேசவில்லை. அது சாமர்வெல்லை இன்னும் அதிகமாக வாட்டியது. பிற்காலத்தில் 'ஆஃப்டர் எவரெஸ்ட்' என்ற தம் நூலில் அந்த நாளைப் பற்றி மனம் திறந்து எழுதினார். இறந்தவர்கள் எல்லாரும் சுமைதூக்கிகள்தானே, நம்மில் ஒருவராவது அவர்களோடு போயிருந்தால் சாவிலும் ஆபத்திலும் அவர்களோடு பங்கெடுத்தோம் என்று காட்டியிருக்கலாமே என்பதே அவருடைய வேதனை. தவறு தம்முடையது என்று மல்லோரியும் கடிதங்களில் தம்மையே குற்றம் சாட்டிக்கொண்டார். கூலி கொடுத்து அழைத்து வந்தவர்களின் சாவை யார் கணக்கில் எழுதுவது என்று கேட்கும் மனச்சான்று அந்தக் காலத்தில் எல்லாருக்கும் இருந்ததில்லை. இந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது வேறு கேள்வி.

1924இல் மீண்டும் ஒரு குழு. சாமர்வெல் இம்முறை நெய்யூரிலிருந்தே புறப்பட்டுப் போனார். மே மாதத்தில் வடகணவாயில் நான்கு சுமைதூக்கிகள் பனியில் சிக்கிக்கொண்டார்கள். நார்ட்டனும் மல்லோரியும் சாமர்வெல்லும் உச்சி ஆசையை ஒத்திவைத்துவிட்டு அவர்களை மீட்கப் போனார்கள். சரிவின் குறுக்கே முன்னால் போனவர் சாமர்வெல். கயிறு சில அடிகள் எட்டவில்லை. இருவர் வழுக்கினார்கள். கையை நீட்டிப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினார். 1922ஐ நினைவில் வைத்துப் பார்த்தால் அந்த நீட்டிய கையின் பொருள் நமக்கு விளங்கும்.

ஜூன் 4ஆம் தேதி நார்ட்டனும் சாமர்வெல்லும் உச்சியை நோக்கிப் போனார்கள். சாமர்வெல்லுக்குத் தொண்டை அடைத்து மூச்சுத் திணறியது. நார்ட்டனைத் தனியே போகச் சொல்லிவிட்டுப் பின்தங்கினார். நார்ட்டன் 8,573 மீட்டர்வரை சென்று திரும்பினார். இறங்கும் வழியில் மூச்சு முழுவதும் அடைபட, இனிச் சாவுதான் என்று சாமர்வெல் பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசி முயற்சியாகத் தம் இரு கைகளால் நெஞ்சை அழுத்தியபோது, குளிரில் கருகியிருந்த தொண்டையின் உட்சவ்வு பிய்ந்து வெளியே வந்தது. மூச்சு திரும்பியது.

அடுத்து ஏறப் புறப்பட்ட மல்லோரியிடம் தம் சிறிய கோடாக் கேமராவைக் கொடுத்தனுப்பினார். நண்பர்கள் இருவரும் அதன்பிறகு சந்திக்கவில்லை. ஜூன் 8ஆம் தேதி நண்பகல் கடந்து சற்று நேரத்தில், மேகம் விலகிய ஒரு கணத்தில், மல்லோரியும் இளைஞர் ஆண்ட்ரூ இர்வினும் மேலே ஏறிக்கொண்டிருப்பதை ஓடல் என்பவர் பார்த்தார். மேகம் மூடிக்கொண்டது. இருவரும் திரும்பவில்லை.

ஓடல் மேலே போய்த் தேடினார். கீழ் முகாமில் காத்திருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல வேண்டும். குரல் எட்டாத தொலைவு. ஆகவே ஆறு கம்பளிகள் பனியின்மேல் சிலுவை வடிவில் விரிக்கப்பட்டன. கீழே இருந்தவர்கள் தொலைநோக்கியில் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். சாவைச் சொல்ல அவர்களுக்குள் பேசி வைத்திருந்த குறி, அவ்வளவுதான். ஆனாலும் இதை வாசிக்கும்போதெல்லாம் நம் கை தானாக நெற்றிக்குப் போகிறது.

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். ஏழாயிரம், எட்டாயிரம் மீட்டர் உயரத்தில் இறந்தவரைக் கீழே கொண்டுவருவது லேசான காரியம் அன்று. எவரெஸ்ட் உச்சியில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். உயிரோடு இருப்பவர் தம் உடலையே தூக்க முடியாமல் தவிக்கும் இடத்தில் இறந்தவரை எப்படித் தூக்குவது? ஆகவேதான் மலையேறும் மக்கள் அடிவாரத்தில் கற்களைக் குவித்து, அதில் பெயரைச் செதுக்கிவிட்டுப் போகிறார்கள். நம் முன்னோரும் போரில் விழுந்தவருக்குக் கல் நட்டுப் பெயரும் செயலும் பொறித்தவர்களே. நடுகல் நமக்குப் புதிதல்ல.

1924இல் முகாமைக் கலைக்கும் முன் சாமர்வெல்லும் பீத்தமும் அடிவாரத்தில் அப்படி ஒரு கற்குவியலை எழுப்பினார்கள். அதில் மல்லோரி, இர்வின் என்ற இரண்டு பெயர்கள் மட்டும் இல்லை. 1921இல் வழியிலேயே இறந்த கெல்லஸ் இருந்தார். 1922இல் பனியில் புதைந்த ஏழு சுமைதூக்கிகளும் இருந்தார்கள். அதே ஆண்டு, 1924இல், குளிரிலும் நோயிலும் இறந்த கூர்க்கா வீரர் ஷம்ஷேர், செருப்புத் தைக்கும் மன்பகதூர் ஆகிய இருவரும் இருந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு பெயர்கள். அதே ஆண்டு அக்டோபர் 17ஆம் தேதி லண்டன் புனித பவுல் பேராலயத்தில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் முன்னிலையில் நடந்த வழிபாடு மல்லோரிக்கும் இர்வினுக்குமானது. பேராலயத்தில் இருவர், மலையடிவாரத்தில் பன்னிரண்டு பேர். எது திருச்சபையின் மனத்துக்கு நெருங்கியது என்று கேட்டால் நாம் கற்குவியலையே காட்டுவோம்.

யோர்தானைக் கடந்த யோசுவாவும் பன்னிரண்டு கற்களைத்தான் நாட்டினார். பின்னாளில் பிள்ளைகள் இந்தக் கற்கள் எதற்கு என்று கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்றார். கல் தானாகப் பேசாது. கேட்கும் பிள்ளையும் சொல்லும் தகப்பனும் வேண்டும்.

பெயரைச் சொல்லி நினைவுகூர்வதைத் திருச்சபை தொடக்கத்திலிருந்தே செய்துவருகிறது. பழங்காலத்தில் திருப்பலியின்போது இரண்டு இலைகளாக மடியும் ஒரு பலகை இருக்கும். ஒன்றில் உயிரோடிருப்போரின் பெயர்கள், மற்றொன்றில் இறந்தோரின் பெயர்கள். இன்றும் முதலாம் நற்கருணை மன்றாட்டில் பெயர் சொல்வதற்கென்று இரண்டு இடங்கள் இருக்கின்றன, வாழ்வோருக்கு ஒன்று, இறந்தோருக்கு ஒன்று. நீங்கள் நவம்பரில் துண்டுத் தாளில் எழுதித் தரும் பட்டியல் அந்தப் பலகையின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். சில சமயம் பட்டியல் நீளும்போது பின்வரிசையில் முணுமுணுப்புக் கேட்கிறது. கேட்கட்டும்.

உடல் எங்கே கிடக்கிறது என்பதைப் பற்றி என்ன சொல்வது? புனித மோனிக்கா தம் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று வெகுநாளாக ஆசைப்பட்டுக் கல்லறையைக்கூட ஏற்பாடு செய்திருந்தார். 387இல் ஊர் திரும்பும் வழியில், கடலுக்கு அப்பால் ஓஸ்தியாவில் நோயில் விழுந்தார். அப்போது பிள்ளைகளிடம், உடலை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், ஆண்டவருடைய பீடத்தில் மட்டும் என்னை நினையுங்கள் என்ற பொருளில் கேட்டுக்கொண்டார். தொலைவில் இறப்பதற்கு அஞ்சவில்லையா என்று கேட்டவர்களுக்கு, கடவுளுக்கு எதுவும் தொலைவில்லை என்று பதில் சொன்னதாக மகன் அகுஸ்தீன் எழுதுகிறார். பின்னாளில் ஆயராக நோலா நகர் பவுலினுக்கு அவர் எழுதிய சிறுநூலிலும், அடக்கம் செய்வது அன்பின் கடமை, ஆனால் அடக்கம் கிடைக்காமல் போனதால் இறந்தவருக்கு எந்த இழப்பும் இல்லை என்று விளக்குகிறார்.

இதனால் உடலைத் தேட வேண்டாம் என்று பொருளாகாது. 1999 மே 1ஆம் தேதி எவரெஸ்டின் வடமுகத்தில், 8,155 மீட்டர் உயரத்தில், மல்லோரியின் உடலை மலையேறுவோர் கண்டெடுத்தார்கள். எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் இடுப்பில் கயிறு இருந்தது. சாமர்வெல்லின் கேமரா மட்டும் இல்லை. அந்த உயரத்தில், உறைந்த சரிவில் கற்களைப் பெயர்த்து எடுத்து உடலை மூடி, திருப்பாடல் 103ஐ வாசித்து இறைவேண்டல் செய்துவிட்டுத்தான் இறங்கினார்கள். அவரை அறிந்தவர்கள் ஒருவரும் அவர்களில் இல்லை. 2024இல் பனியாற்றில் இர்வினின் காலணியும் பாதமும் கிடைத்தன. காலுறையில் தைத்திருந்த பெயர்த் துணி நூறு ஆண்டுகள் கழித்தும் வாசிக்கும்படி இருந்தது.

நேயர்களே, 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் வீசிய ஒக்கிப் புயலை நாம் மறக்கவில்லை. நம் கடற்கரை ஊர்களில் போனவர்களில் பலருடைய உடல் கிடைக்கவேயில்லை. அப்போது ஒரு கடற்கரைப் பங்கில் பணியாற்றிய நாம் ஒரு தவறு செய்தோம். அடுத்த ஆண்டு நவம்பர் பட்டியலில், கரை திரும்பாத ஒருவரின் பெயரை, அவர் மனைவியிடம் கேட்காமலேயே இறந்தோர் வரிசையில் எழுதி வாசித்துவிட்டோம். அந்த அம்மா திருப்பலியின் நடுவிலேயே எழுந்து போனார். மாலையில் வீட்டுக்குப் போனபோது, "சாமி, நீங்க பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. அகுஸ்தீனும் மோனிக்காவும் அந்த வாசற்படியில் உதவவில்லை. சாவை அறிவிக்கக் கம்பளி விரிக்கப்பட்டது என்றால், அது ஓடல் மேலே ஏறி, கத்திக் கூப்பிட்டு, தேடிய பிறகே. நாம் தேடாமலேயே விரித்துவிட்டோம்.

மறு ஆண்டு அந்தப் பெயரை வாசிக்கவில்லை. காணாமற்போனோருக்காக என்று பொதுவாக மன்றாடினோம். கல்லறை மந்திரிப்பு முடிந்ததும் தீர்த்தச் செம்போடு கடலுக்குப் போய், அலை வந்து தொடும் இடத்தில் நின்று தெளித்தோம். கூப்பிடாமலேயே முப்பது நாற்பது பேர் பின்னால் வந்திருந்தார்கள். அந்த அம்மாவும் தள்ளி நின்றார்.

அதற்கு அடுத்த ஆண்டு அக்டோபர் கடைசியில் அவர் மகள் சக்ரிஸ்தியில் ஒரு துண்டுத் தாளைத் தந்துவிட்டுப் போனாள். நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள். பள்ளிக்கூடக் கையெழுத்தில் அப்பாவின் முழுப்பெயர், தகப்பனார் பெயர், படகின் பெயர். இறந்த தேதி என்று நாம் அச்சிட்டுக் கொடுத்த இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அப்படியே வாசித்தோம்.