உண்டியல் காசு யாருடைய காசு?

நம் நாட்டில் அக்டோபர் 30 உலக சிக்கன நாள். 1924-ல் இத்தாலியின் மிலான் நகரில் நடந்த சேமிப்பு வங்கிகள் மாநாட்டில் உருவானது இந்த வழக்கம். சரி, சேமிப்பை நம் வீட்டுத் தம்பி தங்கைக்கு எப்படிச் சொல்லித் தருவது?

1. கேட்கும்போதெல்லாம் காசு தரக் கூடாது. வாரம் 20 ரூபாய் என்று ஒரே நாளில் தரணும். புதன்கிழமையே தீர்ந்துபோனா அடுத்த வாரம் வரை காத்திருக்கட்டும். அப்பதான் காசுக்கு அளவு உண்டுன்னு புரியும்.

2. எதற்குச் சேர்க்கிறோம் என்று உண்டியல்மேல் எழுதி ஒட்டுங்கள். 'சேமி' என்றால் சின்னப் பிள்ளைக்குப் புரியாது. 'கலர் பென்சில்' என்றால் புரியும்!

3. மாதக் கடைசியில் உண்டியலில் கை வைக்காத வீடு குறைவு. கஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ளத்தானே குடும்பம்! ஆனால் பிள்ளையிடம் கேட்டுத்தான் எடுக்கணும். எவ்வளவு என்று எழுதி வைத்து, சம்பளம் வந்ததும் திருப்பிப் போடணும். சொல்லாமல் எடுத்தால், "சேர்த்தா போயிடும், செலவழிச்சாதான் நமக்கு" என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும். அந்தப் பாடத்தை அப்புறம் மாற்றுவது கஷ்டம்.

4. வாரம் 10 ரூபாய் போட்டால் 50 வாரத்தில் 500 ரூபாய். 10 வயது நிரம்பியவர்கள் அந்த 500 ரூபாயில் தபால் நிலையத்தில் சொந்தப் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். அதற்கு வட்டியும் உண்டு.

இதை இன்றே வீட்டில் சொல்லுங்கள்.

சேமிக்கக் கற்றுக் கொடுப்போம்! எடுத்ததைத் திருப்பிக் கொடுப்போம்!