தட்டும் மேடையும் – 14: ஆறும் எட்டும்

போன வாரம் க்ளென் கூல்டை லாஸ் ஏஞ்சலஸ் மேடையிலிருந்து இறக்கிவிட்டோம். 1964 ஏப்ரல் 10, வயது 31. 1982-ல் இறக்கும்வரை அந்தக் கனடிய பியானோக்காரர் மறுபடி கச்சேரி மேடை ஏறவில்லை. மீதி பழைய இதழில் இருக்கிறது.

இந்த வாரம் மேடைக் கட்சியின் வாதத்தைச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்து கேட்காமல் ஒரு வித்வானை எடைபோட முடியுமா என்கிறது அந்தக் கட்சி. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடி, 1966-ல் 'ஹை ஃபிடெலிட்டி' பத்திரிகையில் கூல்ட் எழுதிய கட்டுரையை எடுத்தேன். அங்கே ஒரு விஷயம் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது. வாதம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

பாக் எழுதிய 'வெல் டெம்பர்ட் க்ளேவியர்', முதல் தொகுதி, ஏ மைனர் ஃப்யூக். ஃப்யூக் தெரியாதவர்களுக்கு: ஒரு குரல் ஒரு வரியைச் சொல்லி முடிக்கும், அடுத்த குரல் அதே வரியை வேறு சுருதியில் எடுக்கும், முதல் குரல் சும்மா இருக்காது, அதன்மேல் வேறொன்றைப் பேசிக்கொண்டே போகும். இந்த ஃப்யூக்கில் நாலு குரல். அத்தனையும் பத்து விரலுக்குள் அடங்க வேண்டும்.

ஸ்டூடியோவில் கூல்ட் இதை எட்டு டேக் வாசித்தார். ஆறாவதும் எட்டாவதும் தேறின. இரண்டிலும் திருத்த வேண்டிய பிழை ஒன்றுகூட இல்லை. சில வாரம் கழித்து எடிட்டிங் அறையில் போட்டுக் கேட்டால், இரண்டுமே சலித்தன. ஆறாவது டேக் சுரங்களை இழைத்து இழைத்து, கனமாக, கொஞ்சம் பகட்டாகவும் நடந்தது. எட்டாவது ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே தட்டித் துள்ளியது. துள்ளல் கடைசிவரை ஓயவே இல்லை. யோசித்தார்கள். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஆறு, நடுவில் எட்டு என்று டேப்பை வெட்டி ஒட்டினார்கள். வாசித்த நேரத்தில் வாசித்தவருக்கே தோன்றாத ஒரு ஃப்யூக் பிறந்தது.

"மோசடி!" என்று முன்வரிசைக் குரல் கேட்கிறது. எனக்கு அது மோசடியாகப் படவில்லை. அந்த ஒட்டு பொருந்தியது எப்படி என்று பாருங்கள். பாணி தலைகீழாக மாறியும் இரண்டு டேக்கும் ஏறக்குறைய ஒரே காலப்பிரமாணத்தில் இருந்தன; இப்படி அமைவது அபூர்வம் என்று கூல்டே சொல்கிறார். லயம் ஆடுகிறவர் டேப்பில் இப்படிக் கத்தரி வைத்தால் ஒட்டுப்போட்ட இடமே காட்டிக்கொடுத்திருக்கும். அந்தக் கத்தரிதான் அவருடைய லயத்துக்குச் சாட்சி. ஒரு மாலை அரங்கத்துக்கு வந்த ரசிகருக்கு ஆறோ எட்டோ, ஒன்றுதான் கிடைத்திருக்கும். அதை வைத்துக்கொண்டு "கனமான ஆசாமி" என்றோ "விளையாட்டுப் பிள்ளை" என்றோ தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருப்பார்.

ஒலித்தட்டு எல்லா நேரமும் இத்தனை யோக்கியம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1952-ல் லண்டனில் வாக்னரின் 'டிரிஸ்டன்' ஓபராவைப் பதிவு செய்தார்கள். இசோல்டே பாத்திரத்துக்கு நார்வேயின் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டட், வயது 56. உச்சஸ்தாயி 'சி' அவருக்கு எட்டாமல் போய்க்கொண்டிருந்த காலம். அந்தச் சுரங்களை மட்டும் எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோஃப் பாடிக் கொடுத்தார். ரகசியமாக வைத்திருக்கப் பார்த்தார்கள், கசிந்துவிட்டது. இங்கே நான் மேடைக் கட்சி. கூல்டின் ஒட்டில் இருந்த இரண்டு பக்கமும் கூல்ட். இதில் அப்படி இல்லையே.

மேடைக்குச் சாதகமான பெரிய சாட்சியும் கூல்டிடமிருந்தே வருகிறது, வேடிக்கை. 1957 மே மாதம் மாஸ்கோவில் முதல் கச்சேரி. ஊரில் பெரும்பாலானவர்களுக்கு அவர் யாரென்றே தெரியாது. அரங்கத்தில் பாதி நாற்காலி காலி. இடைவேளையில் கேட்டவர்கள் தொலைபேசிக்கு ஓடி நண்பர்களை அழைத்தார்கள். இரண்டாம் பாதியில் அரங்கம் நிரம்பிவிட்டது. எந்த ஒலித்தட்டையும் நம்பி அந்தக் கூட்டம் வரவில்லை. அரை மணியோ முக்கால் மணியோ நேரில் கேட்டவர்களின் பேச்சை நம்பி வந்தது.

ஆனால் ஒன்று. பாகின் சுரங்கள் எழுதி வைத்தவை. ஆறிலும் எட்டிலும் அதே சுரம், அதே இடம். அதனால்தான் கத்தரிக்கு வேலை. நம் ஆலாபனையை எட்டு டேக் எடுத்தால் எட்டும் எட்டு ஆலாபனை. எதை எதோடு ஒட்டுவது? மேடைக் கட்சியின் வாதத்துக்கு உண்மையில் பலம் சேர்வது இந்த இடத்தில்தான். அதைத் தொடங்கினால் புல்லாங்குழல் மாலியை அழைக்காமல் தீராது, பக்கமோ முடிந்துவிட்டது. மாலி மேடைக்கு வருவாரா மாட்டாரா என்பது கச்சேரி ஏற்பாடு செய்த சபாக்காரருக்கே நிச்சயமில்லாத சங்கதி. அடுத்த வாரம் இந்தப் பக்கத்துக்காவது வரவழைத்துவிடுகிறேன்.