முழங்கால் ஆறட்டும், பிறகு களம்

பதறாத காரியம் சிதறாது என்பார்கள் நம் பெரியோர். அடிபட்ட காலோடு கல்லூரி மாறும் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இந்தப் பழமொழியின் அருமை நன்றாகப் புரியும்.

ஆலுவா, ஏலூர், களமசேரிப் பகுதிகளில் வாழும் நம்மவர்களில் வேலை மாற்றலில் வந்தவர்கள் பலர். பெற்றோருக்கு மாற்றல் வந்தால் பிள்ளையின் படிப்பும் மாறுகிறது. இப்படி நினைத்துப் பாருங்கள். கோவையில் முதலாண்டு படிக்கும் மகள் நல்ல கூடைப்பந்து ஆட்டக்காரி. துள்ளிப் பந்தைப் போட்டு இறங்கும்போது முழங்கால் திருகிவிட்டது. அறுவை சிகிச்சையும் ஆயிற்று. நான்காம் மாதத்தில் அப்பாவுக்கு ஆலுவாவுக்கு மாற்றல். இங்குள்ள கல்லூரிப் பயிற்சியாளர், "கால் சரியாகட்டும், சேர்த்துக்கொள்கிறோம்" என்கிறார். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் எப்போது ஆடவேண்டும் என்பதை யார் முடிவு செய்வது?

இது விளையாட்டான விஷயம் அன்று. கேரளத்தில் பெண்கள் கூடைப்பந்து வாழ்க்கைக்கே வழிகாட்டியிருக்கிறது. சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் ஆடிய கீத்து அன்னா ஜோஸ் தென்னக ரயில்வே அணிக்கும் இந்திய அணிக்கும் ஆடினார். 2014இல் அர்ஜுனா விருது பெற்றார். அதே ரயில்வே அணியில் ஆடிய நம் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கல்லூரி அணியில் ஓர் இடம் என்பது பட்டத்துக்கும் வேலைக்கும் கதவு. அதனால்தான் அவசரம் வருகிறது.

முழங்காலின் கணக்கு வேறு. மூட்டின் நடுவே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து நிற்கும் நாரை மருத்துவர்கள் ஏ.சி.எல். என்கிறார்கள். ஓடிவந்து சட்டென்று திரும்பும்போதோ, ஒற்றைக் காலில் இறங்கும்போதோ அது அறுந்துவிடும். பெரும்பாலும் யாரும் இடிக்காமலே அறுகிறது. கூடைப்பந்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

அறுந்த நாரைத் தைத்து ஒட்டுவது அபூர்வம். தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு துண்டு நாரை எடுத்து அதன் இடத்தில் பொருத்துவார்கள். புதிதாக நட்ட நாற்றைப் போல அது வேர் பிடிக்கவேண்டும். முதல் சில மாதங்களில் பொருத்திய நார் பலம் குறைந்து, புது ரத்தக் குழாய்கள் ஊறிய பிறகே மெல்ல மெல்ல உறுதிப்படும். நான்காம் மாதத்தில் வீக்கம் இராது, வலி இராது, நடை நன்றாக இருக்கும். ஆபத்தே அங்குதான். "எனக்கு ஒன்றுமில்லை அம்மா" என்று பிள்ளை சொல்வது பொய்யன்று. ஆனால் உள்ளே நார் இன்னும் தயாராகவில்லை.

நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாக்கியது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, களம் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி காயம்படும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாம். மாதக் கணக்கு மட்டும் போதாது. அடிபட்ட காலின் தொடைத் தசை மற்றக் காலின் பலத்தில் குறைந்தது 90 சதவீதமாவது இருக்கவேண்டும். ஒற்றைக் காலில் தாவும் தூரமும் அப்படியே. இதை இயன்முறை மருத்துவர் அளந்து சொல்வார்.

காயத்தோடு கல்லூரி மாறிய பிள்ளைகள் வெளிநாட்டிலும் உண்டு. அமெரிக்காவின் செடோனா பிரின்ஸ் 2018இல் மெக்சிகோ நகரில் தம் நாட்டு இளையோர் அணிக்கு ஆடும்போது கால் எலும்பு முறிந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 2019இல் ஆரிகனுக்கு மாறினார். மாறியவர் ஓராண்டு ஆடக்கூடாது என்ற அன்றைய விதியிலிருந்து விலக்குக் கேட்டார், கிடைக்கவில்லை. 2020-21இல்தான் களம் இறங்கினார். அந்த விதி பின்னர் 2021இல் தளர்த்தப்பட்டது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் பேஜ் பெக்கர்ஸ் கல்லூரி மாறவில்லை. 2022 ஆகஸ்டில் ஏ.சி.எல். அறுந்தபோது ஒரு பருவம் முழுவதும் வெளியே உட்கார்ந்தார். 2025இல் அவருடைய அணி தேசியச் சாம்பியன். அவ்வாண்டு தொழில்முறை அணிகள் ஆட்டக்காரிகளைத் தேர்ந்தெடுத்தபோது முதல் பெயர் அவருடையது. ஓராண்டு இழந்தால் எல்லாம் இழந்ததாகாது.

நம் ஊரில் கல்லூரி மாறுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஆலுவாவில் 1921இல் தொடங்கிய யூ.சி. கல்லூரியும், 1964இல் தொடங்கிய புனித சேவியர் மகளிர் கல்லூரியும் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டிலிருந்து வருவோர் பழைய பல்கலைக்கழகத்தின் மாற்றுச் சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளில் வயது, சேர்க்கை ஆண்டு, இடமாற்றம் பற்றித் தகுதி விதிகள் உண்டு. அந்த ஆண்டின் விதியை எழுத்தில் கேட்டுப் படியுங்கள். ஆடத் தகுதியே இல்லாத ஆண்டென்றால் கால் ஆறுவதற்கு அதைவிட நல்ல காலம் ஏது?

சேர்க்கைக்கு முன் பயிற்சியாளரிடம் பணிவோடு மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆடலாம் என்று சொல்பவர் மருத்துவரா, பயிற்சியாளரா? இந்தப் பருவம் ஆடாவிட்டாலும் இடமும் கட்டணச் சலுகையும் நிலைக்குமா? உடற்பயிற்சிக்கு இயன்முறை மருத்துவர் உண்டா, அல்லது நாமே பார்த்துக்கொள்ள வேண்டுமா? நல்ல பயிற்சியாளர் இவற்றால் கோபப்படமாட்டார். மருத்துவர் அனுமதித்த அளவில் நின்றபடியே பந்தெறியவும், ஆட்டக் கணக்கு எழுதவும், அணியோடு பயணம் போகவும் வழி செய்வார். புது ஊரில் மொழி தெரியாத பிள்ளைக்கு அந்தத் தோழமையும் ஒரு மருந்துதான்.

பெற்றோர் செய்யவேண்டியது ஒன்று உண்டு. "எப்போது ஆடுவாய்?" என்று தினமும் கேட்காதீர்கள். "இன்று பயிற்சி செய்தாயா?" என்று கேளுங்கள். கோப்பை அடுத்த ஆண்டும் வரும். அந்த முழங்கால் நம் பிள்ளைக்கு எழுபது வயது வரை வேண்டும்.